இன்ஜின் நைனாவின் கறுப்பு ஆயில்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு இன்ஜினை ரிப்பேர் பார்க்க எத்தனையோ பேர் உண்டு. தன் வயிற்றையும் இன்ஜின் என்றே நம்பிக் குடித்தனம் நடத்தியவர் இன்ஜின் நைனா ஒருவர்தான். எண்ணூர் வரைக்கும் தேடினாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் அவர் பெண்டாட்டி பாவம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "வால்வு அழுவுது" என்பார். பிரித்துப் பார்த்தால் வால்வுதான் போயிருக்கும். ஒருநாள் அதே ஸ்க்ரூ டிரைவரைத் தன் தொப்புளுக்கு மேலே வைத்துக்கொண்டு, பிடியை என் காதுப் பக்கம் நீட்டினார். நானும் கேட்டேன்.

"உள்ள ஆளே இல்ல நைனா," என்றேன். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

துறைமுகத்துக்குப் போகிற வழியில்தான் என் இட்லிக் கடை. காலை ஆறு மணிக்கு வருவார், ஒன்பதுக்கு வருவார், பதினொன்றுக்கு வருவார். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு மறுபடியும் வந்து நிற்பார். வயிறு காலியானால் பூனை பிறாண்டுகிற மாதிரி எரியுமாம். இரண்டு இட்லி உள்ளே போனால் அடங்குமாம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து பூனை திரும்பவும் வருமாம்.

"டீசல் தீர்ந்தா இன்ஜினு உதறும், ஊத்துனா நிக்கும். இதுக்கு இன்னாத்துக்கு யக்கா டாக்டரு?"

நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஆள் நாலு வேளை சாப்பிட வந்தால் எந்தக் கடைக்காரி டாக்டரைக் கூப்பிடுவாள்?

ஆனால் பழி என் கார சட்னி மேல் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு, சர்க்கரை தொட்டு இட்லி தின்றார். பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது. லாஞ்சுக்குள் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது என்று தினமும் வலி மாத்திரை வேறு. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. முதுகுக்கு கிரீஸ் என்பார். நடுநடுவே பீடி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யக்கா, சர்வீஸ் முடிஞ்சிச்சி. மூணு நாளா வெளிக்குப் போனா தாரு மாரி கறுப்பா போவுது. பழைய ஆயிலு பூரா எறங்குது."

பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். என் இட்லி மாவு அதைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கும். கியர் பாக்ஸை ஒண்டியாகத் தோளில் தூக்கிப் போகிற மனிதர், எழுந்திருக்க என் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஓடிவிடுவார். அதனால் இன்ஜின் பாஷையிலேயே கேட்டேன்.

"பழைய ஆயிலு எறங்குது, சரி. புது ஆயிலு எவன் ஊத்துனான்?"

யோசித்தார். யாரும் ஊத்தல என்றார்.

"ஊத்தாம எறங்கிகினே கீதுன்னா அதுக்குப் பேரு இன்னா நைனா?"

நைனா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"லீக்கு," என்றார் மெதுவாக.

அடுப்பை அணைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் நானே ஏற்றிக்கொண்டு போனேன்.

கறுப்பாகப் போனது ரத்தம் என்று சொன்னார் ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா. இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்தில் புண். இன்னும் இரண்டு நாள் சர்வீஸ் என்று இருந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார். கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு, ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். ரத்தமும் ஏற்றினார்கள். மயக்கம் தெளிந்ததும் நைனா கேட்ட முதல் கேள்வி, எந்த கேஸ்கெட் போயிருந்தது என்பதுதான்.

வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்கிறதாம். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்து புண்ணைக் கிளப்பிவிட்டதாம். சாப்பிட்டால் கொஞ்ச நேரம் அடங்குகிறதே தவிர ஆறவில்லையாம். காரத்தால் வந்ததா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். காரம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது என்றார். என் சட்னி விடுதலையானது.

கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை, அமிலம் குறைய வேறு மாத்திரை. கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது, பீடியைத் தொடக் கூடாது. ஐந்தாம் நாள் வலி போனதும் நைனா மாத்திரை அட்டையை டூல்ஸ் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"எட்டு போல்ட்டுல மூணு முறுக்கிட்டு லாஞ்ச கடலுக்கு அனுப்புவியா?" என்றேன்.

பெட்டியைத் திறந்தார். கோர்ஸை முடித்தார். அப்புறம் ஒரு டெஸ்ட் எடுத்து, கிருமி காலி என்றும் சொல்லிவிட்டார்கள்.

நஷ்டம் எனக்குத்தான். இப்போதெல்லாம் காலையில் ஒரு வேளை மட்டும் வருகிறார். போன வாரம் பதினொரு மணிக்கு வந்து நின்றார். வலியா என்று கேட்டேன்.

"வலிலாம் இல்ல. கால் தானா வந்துச்சி. கார சட்னி கீதா?"

இருந்தது. சுடச்சுட இரண்டு இட்லியும் இருந்தது. அவர் வராத நாளிலும் பதினொரு மணிக்கு அந்த இரண்டு இட்லி பானையில் இருக்கும். யாராவது கேட்டால், மாவு மிஞ்சிவிட்டது என்று சொல்லிவிடுவேன்.