பைரோஜா தலையாட்டினா

அன்னைக்கு எண்ணெய்ப் பரோட்டா தின்னே தீருறதுன்னு முடிவு பண்ணிட்டேன். திருட்டுத்தனமா இல்லை, பெண்டாட்டி சம்மதத்தோட. சக்கரை வந்த மனுசன் விருதுநகர்ல குடியிருக்கிறதே ஒரு தண்டனை. தெருவுக்குத் தெரு எண்ணெய் கொதிக்குது.

பைரோஜா வீட்டுல இருந்தே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் பண்றவ. போன வருசம் பைக்ல இருந்து விழுந்து கழுத்து நரம்பு அடிபட்டதுல, ரெண்டு கையும் விளங்காமப் போச்சு. அதோட என்னைத் திட்டுறதையும் விட்டுட்டா. வீடு, அடைமழையில பட்டாசுக் கம்பெனி கிடக்கிற மாதிரி கிடந்துச்சு.

இப்ப ஒரு கருவி வந்திருக்கு. மூக்குக்கண்ணாடி நடுவுல மின்னுற பொட்டு ஒண்ணு. அதைக் கம்ப்யூட்டர் கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். தலை போற பக்கம் அம்புக்குறி போகும். ஓர் எழுத்து மேல அசையாம நின்னா, அது பதிஞ்சிரும். கழுத்து வலிக்க வலிக்கப் பழகுறா. "சொந்தமா ஒரு வரி அடிக்க வரலையேங்க"ன்னு கண் கலங்குவா.

நான் கவனிச்சது வேற. வேலை பார்க்கையில தலை மேலயும் கீழயும் போகுது. அந்நேரம் பார்த்து நான் எதையாச்சும் கேட்டா, சம்மதம்னு தலையாட்டின கணக்குத்தானே?

"பைரோஜா, கடைத்தெருவுக்குப் போயிட்டு வரட்டா?"

தலையாட்டினா.

"அப்படியே ரெண்டு பரோட்டா?"

ஆட்டினா.

"சுக்காவும்?"

நல்லா அழுத்தமா ஆட்டினா.

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறலை. பையப் போங்க"ன்னா, திரையை விட்டுக் கண்ணெடுக்காம.

சட்டை மாத்தி, அத்தர் தடவி, ராசா கணக்கா நடந்து, வழக்கமாப் போற தங்கச்சாமி பரோட்டாக் கடையில போய் உட்கார்ந்தேன். நான் வாயத் திறக்குமுன்ன இலையில ரெண்டு இட்லி விழுந்துச்சு.

"என்னப்பா இது?"

"உங்க வீட்டுல இருந்து செய்தி வந்துச்சு பாய்." செல்லை நீட்டினான்.

'அண்ணே, அவுகளுக்கு இட்லி மட்டும் குடுங்க. பைரோஜா.'

"யாருய்யா அடிச்சது?"

"என்னையக் கேட்டா?"

வீட்டுல அவளைத் தவிர ஆளில்லை. நான் பரோட்டா, சுக்கான்னு கேட்கக் கேட்க, அவ ஒவ்வொரு எழுத்தாத் தலையால பொறுக்கியிருக்கா. அவ சொந்தமா அடிச்ச முதல் வரி. திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். எழுத்து மங்குச்சு.

"என்ன பாய், கண்ணு கலங்குது? போகட்டும், ஒரே ஒரு பரோட்டா வைக்கட்டா?"

சரின்னு சொல்லுறதுக்குள்ள தங்கச்சாமி செல்லுல அடுத்த செய்தி வந்து விழுந்துச்சு.

'அழுதாலும் நம்பாதீக. இட்லிதான்.'