டோவின் சொந்தக்காரர்

எங்கள் மலையில் இந்த இனம் சபைக்கு ஒன்றாவது இருக்கும். உங்கள் ஊரிலும் இருக்கிறது, வேறு பெயரில். பாடகர் குழுவில் எத்தனை தொண்டை இருந்தாலும், பாட்டு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்புகிறவர் இவர். சுருதியைப் பட்டா போட்டு வாங்கியவர். நன்றாக விளைந்த மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? ஐசாலில் எங்கள் சரிவுக்கு வந்து பியாக்துவாமாவைப் பாருங்கள்.

கோட்டின் உள்பையில், துணியில் சுற்றிய இசைக்கவை. பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்களே, இரண்டு பல் வைத்த இரும்பு, அதுதான். பாட்டுக்கு முன்னால் அதை எடுத்து, தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பார்ப்பது போல் ஒரு முறை பார்ப்பார். முழங்காலில் தட்டுவார். காதருகே கொண்டுபோய், கண்ணை மூடி, சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து சரிபார்த்துவிட்டு, "டோ" என்பார், உங்கள் ஊர் 'ச' மாதிரி முதல் ஸ்வரம். பிறகு வார்டில் மாத்திரை கொடுக்கிற மாதிரி பெண்களில் சொப்ரானோவுக்கு ஒன்று, ஆல்டோவுக்கு ஒன்று, ஆண்களில் டெனருக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று. வாங்கிக்கொண்டவர்கள் விழுங்க வேண்டியதுதான்.

கோயிலோடு நின்றால் பரவாயில்லை. இந்த இனம் நிற்பதில்லை. கல்யாணத்தில் தட்டும், துக்க வீட்டில் தட்டும், சமையலறையிலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

"குக்கர் இன்னைக்குக் கொஞ்சம் இறங்கி விசிலடிக்குதே?"

"மாவியோட அப்பா, பருப்பு வெந்துதான்னு கேட்டேன்," என்பாள் மனைவி லால்ரெமி.

கீபோர்டு வாங்கலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது, "கரண்டு போனா உங்க டோவும் போயிடும்டா, என் டோ போகாது," என்று சொல்லி அனுப்பியவர். குழுவிலிருந்து யாராவது விலகப் பார்த்தால் அதற்கும் ஒரு வாசகம் வைத்திருந்தார். போன வருடம் ஆல்டோ பாடுகிற சோதினி வந்து நின்றாள்.

"அண்ணே, அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. அப்பப்போ புரட்டிப் போட ஆள் வேணும். வியாழக்கிழமை பயிற்சியிலேருந்து என்னை விட்டுடுங்க."

"குரலைக் கர்த்தருக்குக் கொடுத்தாச்சு தங்கச்சி. கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பிக் கேக்கக் கூடாது."

சோதினி வந்துகொண்டுதான் இருந்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் தாயின் இடுப்பில் படுக்கைப்புண் வந்தது. பியாக்துவாமாவுக்கு அது தெரியாது. ஆல்டோ சுத்தமாக இருந்தது என்பது தெரியும்.

இப்போது ஒரு ரகசியம். இந்த மனிதருக்குக் காது கிடையாது. கேட்கிற காது இருக்கிறது. சுருதி நிற்கிற காது இல்லை. இசைக்கவை இல்லாமல் ஒரே ஒரு முறை, மைத்துனன் கல்யாணத்தில், தானாகப் பாட்டை எடுத்தார். பெண்கள் பன்றிக்குட்டி மாதிரி கிறீச்சிட, ஆண்கள் கிணற்றுக்குள்ளிருந்து முனக, மாப்பிள்ளை சிரித்துவிட்டான். பழியைப் பாடியவர்கள்மேல் போட்டுத் தப்பினார். உண்மை லால்ரெமி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் வட்டார மாநாடு எங்கள் சபையில். மலையிலுள்ள போதகர்கள், மூப்பர்கள் எல்லாரும் வருகிறார்கள். அடுத்த பாடகர் தலைவர் யார் என்பதும் மாநாடு முடிந்த கையோடு முடிவாகும். மழையோ விட்டபாடில்லை. சுவர் வியர்த்தது, பாட்டுப் புத்தகம் வியர்த்தது. தன் இசைக்கவைக்கும் ஈரம் கோத்துவிட்டதென்று பியாக்துவாமாவுக்குச் சந்தேகம். இரும்புக்கு எங்கே ஈரம் கோக்கும் என்று கேட்காதீர்கள். இந்த இனத்திடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

ஈரத்தை இழுக்க அரிசியில் புதைத்து வைக்க வேண்டும். எந்த அரிசியில்? எங்கள் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துச் சபைக்கென்று தனி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவோம். அந்த டப்பா அடுப்போரம் இருக்கும், உள்ளே பொட்டு ஈரம் இருக்காது. கர்த்தருடைய அரிசியில் கர்த்தருடைய டோ. இதைவிடப் பொருத்தம் உண்டா? வெள்ளிக்கிழமை புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மகளிர் ஐக்கியம் வீடு வீடாக வந்து டப்பாக்களைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போகும். வாராவாரம் போகும். அவர் பிறந்ததிலிருந்து போகிறது. பாட்டு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அரிசி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

மாநாட்டு ஞாயிறு காலை, டை கட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். அடி தெரிந்தது.

"அரிசி எங்கேடி?"

"நேத்தே ஐக்கியத்துலேருந்து சோதினி வந்து வாங்கிட்டுப் போயிட்டா. 'என்னக்கா, இந்த வாரம் டப்பா கனக்குது, தாராளமாப் போட்டிருக்கீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா."

கோயிலுக்குக் கீழே இருக்கிறது சோதினியின் மரவீடு. படிகளில் அவர் இறங்கிய வேகத்துக்கு விழாமல் போனது கர்த்தருடைய கிருபை. அவள் தாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பை வெளிய விடுங்கண்ணே."

"சோதினி, அரிசிக்குள்ள ஏதாவது…"

"இருந்துச்சு."

"அப்பாடா! குடு, குடு."

"எப்படிண்ணே? கர்த்தர் டப்பாவுல வந்திருக்கு. கொடுத்தது கொடுத்ததுதான்னு யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம்."

கட்டிலிலிருந்து கிழவியின் குரல் வந்தது.

"யாருடி அது? டோக்காரனா?"

"ஆமாம்மா. டோவைத் தொலைச்சிட்டு நிக்கறாரு."

"அதுக்கு எதுக்கு இரும்பு? இத்தனை வருஷமா தட்டுறான், இன்னுமா மண்டையில ஏறல? பாடுப்பா பாப்போம்."

வேறு வழி? பாடினார். கிழவி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது டோ இல்ல. வயித்துப் பொருமல்."

பியாக்துவாமா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். மேலே மாநாட்டு மணி அடித்தது. அந்த மணிக்கும் டோவுக்கும் சம்பந்தம் உண்டா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

சோதினி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நான் வந்து டோ தரேண்ணே. உதட்டை அசைக்காம தருவேன், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா இன்னையோட சரி. வியாழக்கிழமை என்னுது. அம்மா என்னுது."

"கவை?"

"அது கர்த்தருது."

ஆராதனையில் அவர் பாடகர் குழுவின் முன்னால் வந்து நின்றார். உள்பையில் கையை விட்டார். லால்ரெமி கடைசி நேரத்தில் போட்டு அனுப்பிய டீக்கரண்டி வந்தது. கைக்குள் மறைத்துக்கொண்டு முழங்காலில் தட்டினார், காதருகே வைத்தார், கண்ணை மூடினார். கரண்டி என்ன சொல்லும்? ஆல்டோ வரிசையிலிருந்து தேனீ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "டோ," என்றார், அதை அப்படியே பிடித்துக்கொண்டு. சோதினி எப்போதையும்விடக் கொஞ்சம் இறக்கியே கொடுத்திருந்தாள். டெனர்காரர்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்காத முதல் மாநாடு அதுதான்.

வெளியூர் மூப்பர் ஒருவர் வந்து கையைக் குலுக்கினார். "பிரமாதம் ஐயா! அந்தக் கருவி எங்க வாங்கினது?"

"கல்கத்தா," என்றார் பியாக்துவாமா, கரண்டியை உள்ளே தள்ளியபடி.

அவரையே மறுபடியும் தலைவராக்கினார்கள். இந்த இனத்தை யாரும் பதவியிலிருந்து இறக்கி நான் பார்த்ததில்லை. சோதினி விலகிக்கொண்டாள், ஒருவரும் வாசகம் சொல்லவில்லை. அவள் தாயின் புண் ஆறிவருகிறது.

இசைக்கவை கிழவியின் தலைமாட்டில் இருக்கிறது. மகள் அடுப்படியில் இருக்கும்போது புரண்டு படுக்கவோ சிறுநீர் கழிக்கவோ வேண்டுமென்றால், கட்டில் கம்பியில் அதைத் தட்டி மரச்சுவரில் ஊன்றுவாள். வீடே டோ என்று முழங்கும். மேலே கோயில் கூடம்வரை கேட்கும். அதனால் வியாழக்கிழமைப் பயிற்சி இப்போது கொஞ்சம் தாமதமாகத் தொடங்குகிறது. பியாக்துவாமா ஜன்னலைத் திறந்துவைத்து, டீக்கரண்டியை உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடி நிற்கிறார். ஆழ்ந்த தியானம் என்று குழு நினைத்துக்கொள்கிறது. கீழே கிழவிக்கு மூத்திரம் முட்ட வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறார்.

நல்லவேளை, நான் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வருவதற்கு முன்பே யாராவது பாட ஆரம்பித்துவிட்டால், அல்லது பேச, அல்லது சாம்பாருக்குத் தாளிக்க ஆரம்பித்துவிட்டால், உங்கள் வலது கை சும்மா இருக்கிறதா, அல்லது மெதுவாக முழங்காலைத் தேடிப் போகிறதா?

குனிந்து பாருங்கள். இப்போதே.