என் மகன் முதன்முதலாகக் கேட்ட கேள்வி

பேசாத பெண் என்ற ஒரே தகுதியில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. (வேறு தகுதி இருந்ததாக அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை.) கேட்டால் தலையாட்டுவேன். கேட்காவிட்டால் அதையும் ஆட்டமாட்டேன். காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் நான், என் கணவர், அவருடைய தங்கை சரசு மூன்று பேரும் இருந்தோம். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. வீடு கோயில் மாதிரி அமைதியாக இருக்கும்.

மகன் பாலு பிறந்தான். கைக்குழந்தையில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பேச்சும் வரவில்லை. நாங்கள் யாரும் பயப்படவில்லை. “அம்மாவைக் கொண்டிருக்கு புள்ள” என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன். அத்தனை புத்திசாலி நான்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் கொண்டாட்டத்தில் எங்கள் தெருவில் சரவெடி வெடித்தார்கள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. பாலு மட்டும் என் இடுப்பில் உட்கார்ந்து நிதானமாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அங்கே இங்கே அலைந்து, கடைசியில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். சிகரெட் டப்பா அளவு இருக்கும். அதை நெஞ்சில் கட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போகும். அங்கே நர்ஸாக இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸி ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். “பெட்டி சத்தத்தைத்தான் கொடுக்கும், பேச்சை வீடுதான் கொடுக்கணும்” என்று மலாய் மொழியில் விளக்கிவிட்டு, என் தலையாட்டலைப் பார்த்துச் சந்தேகப்பட்டாரோ என்னவோ, “சாக்காப், சாக்காப். ஜாங்ஙான் டியாம்” என்றார். பேசு, பேசு, சும்மா இருக்காதே.

யாரிடம் போய்ச் சொன்னார் பாருங்கள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஆரம்பித்தேன். “பாலு, இது அரிசி. அம்மா அரிசி களையுறேன். தண்ணி வெள்ளையாப் போவுது.” மழை வந்தால் மழை, காக்கா வந்தால் காக்கா. பாசாரில் மீன் வாங்கும்போது மீனின் கண், செவுள், வால் எல்லாவற்றையும் உரக்க அறிமுகம் செய்தேன். மீன்காரச் சீனர் இரண்டடி தள்ளி நின்றார். பிரதோஷத்தன்று நந்தியின் காதில் வேண்டுதல் சொல்வதுபோல, வீட்டில் எல்லாரும் குனிந்து அவன் நெஞ்சுப் பெட்டியிடம் பேசினோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரச் சிட்டி அக்காவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஒருநாள் வேலியருகே வந்து, தினமும் யாருடன் சண்டை போடுகிறாய் என்று மலாயில் கவலையாகக் கேட்டார்.

தூக்கத்திலும் என் வாய் அசைந்ததாகக் கணவர் சொன்னார். பாலு என் வாயையே பார்ப்பான், சிரிப்பான். ஒரு வார்த்தை வராது. வாயை மூடினால் ஏதோ ஒரு சொல் அவனுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்ற பதைப்பில் எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சரசுவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். வீடு உஜோங் பாசிரில். அவருடைய அம்மா கண்டிப்பானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. காலையிலேயே என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீ பழைய மாதிரி இரு. அந்தம்மா மூக்கு, காது எதையும் பாலுவுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுக்காத.”

தலையாட்டினேன். ஆட்டி வெகுகாலம் ஆகியிருந்ததால் கழுத்து வலித்தது.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். தம்ளர்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். சரசு கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். “அண்ணி, எனக்குச் சரி. எதுவும் கெட்டுடாமப் பாத்துக்குங்க.”

பலகாரம் போனது. காபி போனது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைக் கையில் வைத்தபடி, “பொண்ணு சமைக்குமா?” என்று ஆரம்பித்தார்.

அப்போது பாலு என் காலடியிலிருந்து எழுந்து நேராகக் கூடத்துக்குப் போனான். அந்தம்மாவின் முன்னால் நின்றான். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டான். முழு வீட்டுக்கும் கேட்கும்படி, எழுத்துக்கு எழுத்து சுத்தமாகக் கேட்டான்.

“எப்பப் போவீங்க?”

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த இடத்தில் புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்பாள். நான் ஓடிவந்து தரையில் மண்டியிட்டேன். “பேசிட்டான். ஏங்க, பாலு பேசிட்டான். சாமி, இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னான். என் கணவரும் பாய்ந்து வந்தார். எனக்கு எச்சரிக்கை சொன்ன அதே மனிதர்தான். “அப்பாவுக்குக் கேக்கல. அவங்களப் பாத்துச் சொல்லு, நல்லா வாயத் தொறந்து.”

அவர்களைப் பார்த்து, நல்லா வாயைத் திறந்து, மறுபடி சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் கைதட்டி அழுதோம். நிமிர்ந்து பார்த்தபோது விருந்தாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போறோம்மா, போறோம்” என்றார் அந்தம்மா. “இத்தனை தடவ சொல்ல வேண்டியதில்ல.”

சரசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகையும் என் சந்தோஷமும் ஒரே வீட்டில் இருக்க இடமில்லாமல் முட்டிக்கொண்டன.

இத்தனை பாடம் நடத்தியும், நடத்தாத ஒன்றை எங்கிருந்து பிடித்தான் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலையில் விளங்கியது. என் கணவர் வழக்கம்போலக் காபிக் கோப்பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல இடுப்பில் கையை வைத்து, “எப்பப் போவீங்க? பஸ் போயிடும்” என்றேன். பக்கத்தில் பாலுவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து சொன்னான். அரிசியும் காக்காவும் அவனுக்காகச் சொன்னவை. இது மட்டும்தான் இந்த வீட்டில் நிஜமாகவே பேசிய பேச்சு.

அன்று சாயங்காலமே பாலுவைத் தூக்கிக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். காய்ச்சல், பெட்டி, மிஸ்ஸி எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பாலுவைப் பார்த்தார். பாலு அவர் வீட்டுப் பூனையைப் பார்த்தான்.

“சொல்லு சாமி” என்று கெஞ்சினேன். ஒரு வார்த்தை இல்லை.

“நேத்து என்னா தெளிவாக் கேட்டான்” என்றார் அந்தம்மா. “காது கேக்காத புள்ளைங்கிறீங்க.”

நாங்கள் எழுந்துகொள்ளப் பார்த்த நேரத்தில் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் கைக்குக் காபி வந்தது. பாலு பூனையை விட்டுவிட்டு எழுந்தான். போய் அவர் முன்னால் நின்றான். இடுப்பில் கை.

“எப்பப் போவீங்க?”

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, சரியாக அந்தப் பெட்டியிடம், “எங்க தம்பி போறது? இது எங்க வூடாச்சே” என்றார்.

அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் கிளம்பும்போது, தை மாதத்தில் நல்ல நாள் இருக்கிறதா என்று கேட்டார்.

சரசுவின் கல்யாணம் நடந்தது. பாலுவுக்கு அதன்பின் ஒன்றொன்றாகச் சொற்கள் வந்தன. இன்று அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கு அவன் பெண்டாட்டியால்கூட முடிவதில்லை. ஆனால் சம்பந்தியம்மா மட்டும், கண்ணை மூடும்வரை, எங்கள் வீட்டில் காபியை நின்றுகொண்டேதான் குடித்தார். உட்காருங்கள் என்று எத்தனை கெஞ்சினாலும், “வேணாம்மா, எதுக்கு வம்பு” என்று பாலுவை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவன் அப்போது மீசை வைத்த ஆம்பிள்ளை.