பரிசீலனையில் ஒரு பல்

குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போன கணவர் முதலில் டம்ளரைத்தான் பார்த்தார். டம்ளரில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பல்லில்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. நீங்க இன்னிக்குத்தான் பாக்குறீங்க."

மனிதர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'பரிசீலனை'தான். எந்தக் கோப்பு வந்தாலும் நாலு பேரைக் கேட்டு, எட்டு விதமாக யோசித்து, கடைசியில் பத்திரமாக அலமாரியில் வைத்துவிடுவார். பாதிக் கோப்புகள் அங்கேயே தீர்ந்துபோகும். மனு கொடுத்தவரே வெறுத்துப்போய் வருவதை நிறுத்திவிடுவார். இதைத் தன்னுடைய திறமை என்று அவர் மனதார நம்பினார். பல்வலியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"தெருமுனையில ஒரு பல் டாக்டர் இருக்காரே, போய்க் காட்டிட்டு வந்துடலாமா?"

"தனியாரா? விளையாடுறியா? சொத்தைப் பல்லைக் காட்டினா நம்ம சொத்தையே எழுதி வாங்கிடுவான். ஒரு பல்லுன்னு போனா, பக்கத்துல இருக்கிற நாலையும் தட்டிப் பாத்துட்டு 'இதெல்லாம் ஆடுதே'ம்பான். அவன் தட்டினதுலதான் ஆடும்!"

"சரி, அப்ப அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவோம்."

இவ்வளவு சீக்கிரம் அவள் இறங்கி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அங்கேயா? அந்த வரிசையில நின்னா, நமக்கு முன்னாடி நிக்கிற குழந்தைக்குப் பால்பல்லு விழுந்து, புதுப்பல்லு முளைச்சு, அதுவும் சொத்தையாயிடும். நம்ம முறை வர்றதுக்குள்ள எந்தப் பல்லு வலிச்சதுன்னே மறந்துடும். எதையாவது ஒண்ணைப் பிடுங்கிக் கையில குடுத்து அனுப்புவாங்க."

"அப்ப எங்கதாங்க போறது?"

"அவசரப்படாதே. விசாரிச்சிட்டிருக்கேன்ல?"

கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பாவம், பயம். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும், "சார், நீங்களும் அப்படியே ஒரு தடவை வாயைத் திறங்க" என்று சொல்லித் தொலைப்பார். பல் டாக்டரின் அந்தச் சாய்வு நாற்காலிக்குத்தான் அவர் பயந்தார். அதனால் அவள் அரசு என்றால் இவர் தனியார் என்பார். தனியார் என்றால் அரசு என்பார். நடுவில் பல் நாளொரு பள்ளமாகக் குழிந்துகொண்டிருந்தது.

விசாரிக்கவும் செய்தார். காசாளர், "அரசாங்கம்தான் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்றார். டிரைவர், "கண்ணை மூடிக்கிட்டுப் போனா பல்லில்லாமத்தான் வரணும், தனியாருக்குப் போங்க" என்றார். கடைநிலை ஊழியர் எதுவும் சொல்லாமல் தன் பல் செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அன்று மதியம் பரிசீலனைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு இருண்டுபோயிற்று. விளக்கு எரிந்தது, ஆனாலும் இருட்டாகத்தான் இருந்தது. அவள் பல்லைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை. மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண்ணோடு மட்டும் படிக்கட்டில் நின்று ஏதோ குசுகுசுவென்று பேசுவாள். இவர் வந்தால் நிறுத்திவிடுவாள். ஒருநாள் மாலை வந்து பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"டீ இருக்கா?"

அவள் அடுப்பங்கரையைக் கையால் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

கோபம்தான் என்று அவர் முடிவு கட்டினார். அதுவும் நியாயமான கோபம். கேட்டால் பெரிதாகிவிடும் என்று கேட்காமலே இருந்துவிட்டார். நாள் ஆக ஆக அந்த மௌனம் அவரை அரித்தது. சாப்பிடும்போது தட்டின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை, ஒரு நாற்காலிக்குப் பயந்து வலியில் துடிக்க விட்டுவிட்டோமே என்று அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஒரு சாயங்காலம், மழையில் நனைந்தபடி தெருமுனை டாக்டரிடம் போய் நேரம் வாங்கிவிட்டார். அவளுக்கு மட்டும்தான். தான் வாசலிலேயே நின்றுகொள்வதாகத் திட்டம்.

"கிளம்பு. தனியார்தான். முடிவு பண்ணிட்டேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். உடனே கிளம்பினாள். வாசலில் நின்றவரைக் கையைப் பிடித்து உள்ளேயும் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் விளக்கைத் திருப்பி அவள் வாய்க்குள் பார்த்தார்.

"இதுல என்னம்மா பிரச்சினை? அடைச்சிருக்கே! அருமையா அடைச்சிருக்காங்க. எங்க பண்ணீங்க?"

"அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில டாக்டர். எங்க மாடி வீட்டுப் பொண்ணு அங்க கடைசி வருஷம். பரீட்சைக்குச் சொத்தைப் பல்லோட ஒரு ஆளைப் படிக்கிறவங்களே கூட்டிட்டு வரணுமாமே, அது கிடைக்காம தவிச்சுட்டிருந்துச்சு. நான் போனேன். வரிசையும் இல்ல, செலவும் இல்ல. ரெண்டு பேராசிரியருங்க பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. பொண்ணு பாஸாயிடுச்சு."

"நானும் அப்படித்தாம்மா ஒரு வாய் கிடைக்காம அலைஞ்சேன்" என்று டாக்டர் பூரித்துப்போனார்.

கணவர் டாக்டருக்கு முன்னால் தலையை நீட்டினார். "எப்போ?"

"போன மாசம். ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தோட உங்க எதிர்லதான் நின்னேன். என்னாச்சுன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். டீ கேட்டீங்க."

"நான்... நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. "அப்புறம் ஏன் இன்னிக்கு என்கூட வந்தே?"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். "டாக்டர், இவருக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல்லு. ரொம்ப நாளா இடது பக்கமாவே மென்னுட்டிருக்கார். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

தப்பிக்க வழியில்லை. டாக்டர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார், நாற்காலி சாய்ந்தது, விளக்கு முகத்தில் விழுந்தது, வாய் நிறையப் பஞ்சு. இனி அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. அப்போதுதான் அவள் குனிந்து, அவர் காதருகே மெதுவாகச் சொன்னாள்:

"ஏன் வந்தேன்னு கேட்டீங்களே? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்களா எடுத்த முதல் முடிவு. அது வீணாப் போயிடக் கூடாதேன்னுதான்."