முன்பல்லும் கையெறி குண்டும்

பெண் பார்க்கப் போன அன்று, சிங்கப்பூர் ஜாலான் புசார் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் அம்மா, மடியில் கேக் பெட்டி. பெண்ணின் அப்பா சவரிமுத்து, மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். அவர் மனைவி. கதவுத் திரைக்குப் பின்னால் ஸ்டெல்லா. பிறகு நான், ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். என் முன்பல் மட்டும் வரவில்லை.

நான் ஆறாவதோடு நின்றவன். படித்ததெல்லாம் படக்கதைதான். குதிரையில் வரும் கொள்ளைக்காரன், பதுங்குகுழிச் சிப்பாய். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் விற்பவனிடம் பழசாக வாங்குவேன். அந்தச் சிப்பாய்கள் கையெறி குண்டின் வளையத்தைப் பல்லால்தான் இழுப்பார்கள். இழுத்துத் துப்புவார்கள். (ஒருத்தனுக்கும் பல் விழாது. நானும் நம்பினேன்.)

பெண் பார்க்கப் போவதற்கு முந்திய வாரம் ராணுவத்தில் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். கையில் வெடிக்காத பயிற்சிக் குண்டு.

"கவ்பாய், உன் புக்குல வர்ற மாதிரி இழு லா," என்றான் பக்கத்தில் நின்ற மணியம்.

இழுத்தேன். வளையம் அப்படியே இருந்தது. பல் வந்தது.

ஸ்டெல்லாவை ஞாயிறு பூசையில் பார்த்து, நானே அம்மாவிடம் கேட்டு ஏற்பாடான சம்பந்தம். கெட்டுவிடக் கூடாது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். எது கேட்டாலும் "ம்."

"அடக்கமான பையன்," என்றார் சவரிமுத்து. எல்லாம் நன்றாகத்தான் போனது. பேச்சு முடிந்தால் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்வது எங்கள் வழக்கம். முடிவு செய்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அவர் என் எதிரே நின்று ஆரம்பித்தார். ஜெபத்தை "ம்" என்று சொல்ல முடியாது.

ஆமென் வந்ததும் கேட்டார். "பல்லு எங்க தம்பி? கேங் சண்டையா?"

"இல்ல அங்கிள். குண்டு வளையத்தப் பல்லால இழுத்தேன்."

"எதுக்கு?"

"படக்கதையில அப்படித்தான் இழுப்பாங்க."

திரைக்குப் பின்னால் சிரிப்பு. பிறகு ஸ்டெல்லாவின் குரல். "அப்புறம் துப்புனீங்களா?"

அவள் அம்மா எழுந்து உள்ளே போனார். சிரிப்பு நின்றது.

சவரிமுத்து என் அப்பாவிடம் சொன்னார். "ரவுடின்னாக்கூட சாமியார்கிட்ட சொல்லித் திருத்திடலாம் அண்ணே. இத எப்படித் திருத்துறது?"

அப்பா, கொடுத்த கேக் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துப்புவது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளும் படக்கதை படித்திருக்கிறாள். மறுவருஷம் அவளை ஒரு கிளார்க்குக்குக் கொடுத்தார்கள். அவர் முன்பல் இரண்டும் நன்றாக இருந்தன. கல்யாணத்தில் பார்த்தேன்.

எனக்கும் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பிள்ளைகள் பிறந்தார்கள். இன்றும் வீட்டில் ஊறுகாய் போத்தல் மூடி திறக்காவிட்டால், "அப்பாகிட்ட குடுங்க, பல்லால இழுப்பாரு," என்பார்கள். என் மனைவிதான் அதிகம் சிரிப்பாள். துப்பினேனா என்று அவள் கேட்டதில்லை.

இந்த வயதில் மீதிப் பல், பதினொன்று.