ஏலக்காரரின் காலி மியூசியம்

உலகத்தில் எந்த மியூசியத்திலும் பொருளைத் தொட்டால் திட்டு விழும். தொடாமல் வந்தால் திட்டு விழுகிற ஒரே மியூசியம் எங்கள் ஏலக்காரருடையதுதான்.

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். வயதானபின் உடம்பு ஓய்ந்தது, தொண்டை ஓயவில்லை. காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கரையில் ஒரு பழைய அரசு பங்களாவைக் கேட்டு வாங்கி, சுற்றுவட்டாரத்துப் பழம்பொருட்களையெல்லாம் சேர்த்தார். பார்க்க வந்த மனிதர்களைவிடத் தண்ணீர் குடிக்க வந்த யானைகள்தான் அதிகம். அவற்றுக்கும் வராந்தாவில் நின்று, "வாங்க, வாங்க" என்பார்.

"ராஜா காலத்து அண்டா! தட்டிப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க!" என்று மண்டிக் குரலில் கூவுவார்.

"எந்த ராஜா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்களுக்கு எந்த ராஜா வேணும்?"

ஊர்க்காரர்கள் பொருட்களைச் சும்மா தரவில்லை. தேவைப்படும்போது எடுத்துக்கொள்வோம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்போம் என்பது பேச்சு. ஏலக்காரர் வாக்கு மாறாத மனிதர். வினை அங்கேதான் வந்தது.

நான் அப்போது சித்தூரில் அரசு அலுவலக கிளார்க். அந்த பங்களாவைப் படகுத்துறை கேன்டீனாக மாற்றலாமா என்று பார்த்து முடிவு செய்யத் திருப்பதியிலிருந்து மேலதிகாரி மேடம் வந்தார். நானும் ஜீப்பில் போனேன். உள்ளே நுழைந்தால் சுவரில் ஆணிகள், தரையில் புழுதி வட்டங்கள். வேறு ஒன்றுமில்லை.

ஏலக்காரர் அசரவில்லை. ஒரு வட்டத்தைக் காட்டி, "ராஜா காலத்து அண்டா!" என்றார்.

"எங்கய்யா?"

"அக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்குது மேடம். பல்லக்கும் அங்கதான். தப்பட்டையும் அங்கதான்."

"அப்போ மியூசியத்துல என்னதான் இருக்குது?"

"நான் இருக்குறேன்."

மேடம் முகம் சிவந்தது. "காலி ரூமுக்கு எதுக்கு மியூசியம்? கேன்டீனே வரட்டும்."

அந்த மனிதரின் முகம் அப்படி வாடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம்தான். "சரி மேடம். ஒரு வாய் துன்னுட்டு எழுதுங்க" என்று ஏரியைப் பார்த்து ஒரு கூவல் விட்டார். அக்கரையிலிருந்து பரிசல் வந்தது. அதுவும் மியூசியப் பொருள்தான்.

அக்கரையில் இறங்கினோம். மொத்த மியூசியமும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அண்டாவில் சாம்பார் கொதித்தது. பல்லக்கில் மாப்பிள்ளை ஆடிக்கொண்டு வந்தார். தப்பட்டைச் சத்தத்தில் யானையென்ன, மேடத்தின் கோபமே இரண்டடி பின்வாங்கியது.

தாலி கட்டி, சாப்பாடு முடியும் நேரத்தில் ஏலக்காரர் மணமேடைப் பக்கத்தில் ஏறி நின்றார்.

"ஊர் ஜனங்களே! நம்ம மியூசியம் கேன்டீனாவப் போவுது! ஒரு தரம்!"

பந்தலில் எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டு தரம்!"

மணப்பெண் மாலையோடு எழுந்துவிட்டாள். "அதெப்படி மேடம்? எனக்குப் பொறக்கப்போற புள்ள கல்யாணத்துக்கும் அந்த அண்டா வேணும்! வூட்ல வெச்சா இவரு வித்துடுவாரு!"

தாலி கட்டிய சூடு ஆறாத மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பந்தலே சிரித்தது. மேடம் சாம்பார்க் கையோடு எழுந்து, ஏலக்காரரையே மிஞ்சும் குரலில் கத்தினார்: "மியூசியத்துக்கே! மூணு தரம்!"

தப்பட்டை அதிர்ந்தது. அன்று சாயங்காலம் அண்டா முன்னே, பல்லக்கு பின்னே, கல்யாண ஊர்வலமே ஏரிக்கரையைச் சுற்றி வந்து பொருட்களை அதனதன் புழுதி வட்டத்தில் வைத்துவிட்டுப் போனது. ஏலக்காரர் பல்லக்கில் உட்கார்ந்து வந்தார். இறங்கச் சொன்னதற்கு, "தொட்டுப் பாக்குறேன் சார்" என்றார்.

ரிட்டயர் ஆனதும் என் நைனாவின் ரேடியோவை அவரிடம் கொடுத்தேன். மாதம் ஒருமுறை, "ரேடியோ வேணுமே, நியூஸ் கேக்கணும்" என்று பஸ் ஏறிப் போவேன். துடைத்து எடுத்துத் தருவார். சாயங்காலம் வரை பேசிவிட்டு, ரேடியோவை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். அது பாடுவதை நிறுத்திப் பல வருஷமாயிற்று. அவருக்கும் அது தெரியும்.