மூன்று நாட்டுக் குளிசை

முல்லைத்தீவுக் கரையில் நீதவானைப் போல நியாயமான மனிதர் பிறந்ததில்லை. அந்த நியாயத்தால் ஊராரின் உயிரை வாங்கியவரும் அவரைப் போல வேறொருவர் இல்லை. நீதிமன்ற வாசலை அவர் மிதித்ததே கிடையாது. கரைவலை இழுக்கிறவர்; வலை கரையேறியதும் மீனைப் பங்கு பிரிக்கிறவர். ஒரு பாரைக்குட்டி மிஞ்சினாலும் அதை வெட்டிப் பங்கு வைத்த பிறகுதான் நிமிருவார். அதனால் வந்த பட்டம் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் ஆளைத் தெரியாது.

ஒழுங்கையில் இரண்டு கடைகள். சீனியை ஒன்றில் வாங்கினால் தேயிலையை மற்றதில் வாங்குவார். சந்தியில் இரண்டு சலூன்கள். ஒன்றில் தலைமயிர் வெட்டிக்கொண்டு, சவரம் செய்ய மற்றதற்குப் போவார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியோடு இருந்து சோறு சாப்பிட்டார். பிறகு எழும்பிப்போய்ப் பொம்பிளை பகுதியோடு இருந்து ஐஸ்கிறீம் குடித்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்று கூடப் போன எனக்குத்தான் வெட்கம்.

இன்னொரு வியாதியும் உண்டு. பொய் சொல்ல வராது. சொல்ல வெளிக்கிட்டால் இருமல் வந்துவிடும்.

மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில். நாரி நோகிறது, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று ஒருநாள் தொலைபேசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கனடாவில் இருந்து மூத்த மகள் அனுப்பிய, நோவுக்குப் போடும் சிவப்புக் குளிசை வந்தது. சுவிஸ் மகனிடமிருந்து வெள்ளைக் குளிசை. இலண்டனில் இருக்கும் கடைசி மகள் சும்மா இருப்பாளா? அவளுடையது நீலம். விடியற்காலையில் வெறும் தேத்தண்ணியோடு மூன்றையும் விழுங்கிவிட்டுக் கரைக்குப் போவார்.

"அண்ணை, ஒண்டு போட்டாக் காணாதோ?"

"ஆற்றயைப் போடுறது தம்பி? கனடாவின்ரயைப் போட்டா சுவிஸ் என்ன நினைப்பான்?"

"அவருக்கு என்னண்டு தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேக்கிறானே, 'அப்பா, நான் அனுப்பினதைப் போட்டனீங்களோ' எண்டு! நான் இருமினா விளங்கீடும்."

பிரஷருக்கு அவர் மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர். அந்த நினைவு வந்து கேட்டேன்.

"வேற மருந்து ஏதும் பாவிக்கிறியளோ எண்டு கிளினிக்கில கேட்டவையெல்லே?"

"ஓம். இல்லையெண்டனான்."

"இருமல் வரேல்லையோ?"

"ஏன் வரும்? அது மருந்தே? பிள்ளையள் அனுப்பினதெல்லே."

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன கதைப்பது?

சில வாரத்தில் வயிறு எரியத் தொடங்கியது. வெளிக்குப் போவது தார் போலக் கறுப்பாக இருக்கிறது என்று, ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி என்னிடம் சொன்னார். "நேற்றுக் கணவாய்க் கறி தம்பி. அந்த மைதான்" என்று தீர்ப்பும் அவரே சொன்னார். கணவாய் படாத நாட்களிலும் கறுப்பு மாறவில்லை. ஆளும் வெளிறிக்கொண்டு வந்தார். ஆசுப்பத்திரிக்கு வாங்கோ என்று கத்திப் பார்த்தேன். பாப்பம், பாப்பம் என்றார்.

ஒரு காலை, பங்கு பிரித்துக்கொண்டு நின்றவர் அப்படியே மணலில் சாய்ந்தார். ஓட்டோவுக்குள் ஏற்றும்போது கண்ணைத் திறந்து, "அந்தக் கடைசிக் குவியலில சூடைமீன் கூடிப்போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போவார் என்றே நினைத்தேன். ஆசுப்பத்திரி போய்ச் சேரும்வரை ஓட்டோக்காரனை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

வயிற்றில் புண். அதிலிருந்து கசிந்த இரத்தம்தான் கறுப்பாகப் போயிருக்கிறது. கணவாய் பாவம், அதன் மீது ஒரு குற்றமும் இல்லை. இரத்தம் ஏற்றினார்கள். அவர் தெளிந்த பிறகு, வீட்டில் இருந்த மூன்று குளிசை மட்டைகளையும் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். இளம் பொம்பிளைப் பிள்ளை அவா. மூன்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பொறுமையாகச் சொன்னா.

"ஐயா, நிறம் வேற, பேர் வேற. ஆனா மூண்டும் ஒரே வகைக் குளிசை. நோவையும் வீக்கத்தையும் குறைக்கும்தான். ஆனா ஒண்டோட ஒண்டைச் சேத்துப் போடக்கூடாது. வெறும் வயித்தில போடக்கூடாது. உங்களுக்குப் பிரஷரும் இருக்கு. அதையும் ஏத்தும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். இனி ஆர் என்ன அனுப்பினாலும் எங்களைக் கேக்காமல் வாயில வைக்காதேங்கோ."

நீதவான் கலங்கிப்போனார். "அப்ப ஆற்றயை நிப்பாட்டுறது, டொக்டர்?"

"மூண்டையும்."

அவருடைய முகத்தில் அப்போதுதான் களை திரும்பியது. "அதெண்டாச் சரி. அது நியாயம்" என்றார்.

நாரி நோவுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் தான் எழுதித் தந்த அளவுக்கு மேலே வேண்டாம் என்று சொல்லி டொக்டர் வீட்டுக்கு அனுப்பினா. வலை இழுக்கவும் தடை. மீன் பிரிக்கத் தடை இல்லை.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. தாங்கள் ஆசையாக அனுப்பியது அப்பாவைக் கொல்லப் பார்த்தது என்று தெரிந்தால் அதுகள் தாங்குமா? மறைக்கலாம் என்றால் இருமல் விடாது. முதலில் எடுத்தது இலண்டன் மகள். உள்ளதைச் சொன்னார். மறுபக்கத்தில் ஒரே அழுகை.

"என்ர குளிசையாலயோ அப்பா?"

"சீச்சீ, தனிய உன்ரயால இல்லை மகள். மூண்டு பேரும் சரி பங்கு."

அழுகையோடு அழுகையாக அந்தப் பிள்ளை சிரித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். இவர் இருமவில்லை.

இப்போது பிள்ளைகள் குளிசையைப் பற்றிக் கேட்பதில்லை. "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லையென்றால் கவலைப்படுவார்கள், ஓம் என்றால் இருமல். ஆகவே தொலைபேசி அடிக்கும்போதே குசினிக்கு ஓடி ஒரு வாய் போட்டுக்கொள்கிறார். ஆளும் கொஞ்சம் சதை வைத்துவிட்டார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், அவர் வீட்டுப் படலையடியில் நின்று நானும் கேட்டேன். "சாப்பிட்டியளோ அண்ணை?"

"இல்லை. உள்ள வா."

பிள்ளைகள் எடுக்கும் மூன்று அழைப்புக்கும் ஒவ்வொன்றாக மூன்று துண்டு மீன் பொரித்து வைத்திருந்தார். கத்தியை எடுத்து மூன்றையும் திரும்ப வெட்டத் தொடங்கினார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"நீயும் கேட்டனியெல்லே. இனி நாலு பங்கு."

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, என் பங்கைச் சாப்பிட்டேன்.

"ஏன் தம்பி, கண் கலங்குது?"

"மீன் உறைப்பு, அண்ணை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.